திரை இருண்டிருப்பதன் காரணம்

அலுவலகங்களில் உழைத்து ஓய்ந்தபின் பழுதுநீக்கி மறுபடி விற்கப்படும் மேசைக்கணினியில், மின்விசிறி சுழன்றும் திரை இருண்டே கிடந்தால், கணினியே கெட்டுவிட்டதென்று முடிவு கட்டுவதற்கு முன், படம் எந்தப் போர்ட்டின் வழியே வெளிவருகிறது என்பதைப் பார்ப்பதே முறை. படத்தை உருவாக்குவதற்கென்றே பொருத்தப்படும் கிராஃபிக்ஸ் கார்டு உள்ளே இருக்குமானால், மதர்போர்டின் போர்ட்டுகள் பெரும்பாலும் செயலற்றிருக்கும் என்பதால், கேபிளை அந்தக் கார்டிலேயே செருக வேண்டும்.

போர்ட் சரியாக இருந்தும் படம் வராவிட்டால், அடுத்துப் பார்க்க வேண்டியது அடாப்டரை. 1987இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய விஜிஏ என்னும் இணைப்பு, படத்தை ஏறியிறங்கும் மின்னழுத்தமாக அனுப்ப, 2006இல் வந்த டிஸ்ப்ளேபோர்ட் அதை எண்வடிவத் தரவாக அனுப்புவதால், இரண்டையும் இணைக்கும் அடாப்டருக்குள் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சில்லு இருந்தாக வேண்டும். அந்த மாற்றமும் ஒருவழிப் பாதையாகவே அமைவதால், அடாப்டரைத் திருப்பிச் செருகிப் பயனில்லை.

விஜிஏ பிளக்கின் 15 ஊசிகளில் ஒன்பதாவது, பல கேபிள்களில் இயல்பாகவே இராது; அதை உடைசலென்று எண்ணி நல்ல கேபிளைக் குப்பையில் எறிவது மிகவும் வருந்தத்தக்கது. மாறாக, சிவப்பு நிறத்தைச் சுமக்கும் முதல் ஊசி வளைந்து தொடர்பு அறுந்திருந்தால், வெள்ளைப் பக்கம் முழுவதும் நீலப்பச்சையாகத் தெரியும். கணினியை அணைத்துவிட்டு, கூர்மூக்குக் குறட்டால் அவ்வூசியை மெல்ல நிமிர்த்திச் செருகினால், பெரும்பாலும் வெண்மை திரும்பிவிடும்.