கணக்கில் அடங்காத கை

எங்கள் ஊரில் வண்ணம் கணக்குக்குக் கட்டுப்பட்டது. கிராஃப் தாளில் கட்டங்கட்டமாக வண்ணமிட்டு, அட்டையில் துளையிட்டு, ஜக்கார்டில் ஏற்றிய பின்னரே காஞ்சிப் பட்டில் ஓர் அன்னம் பிறக்கும். அப்படியொரு தறிவீட்டில் வளர்ந்த உடன்பிறந்தோர் நாங்கள். சென்னையில் முதன்முறையாக அச்சுதன் கூடல்லூரின் (1945–2022) அரூப ஓவியங்களைக் கண்டபோது திகைத்தோம். உருவமில்லை, முன்வரைவின் சுவடுமில்லை. கை சென்ற வழியே வண்ணம் சென்றிருந்தது. இத்தனைக்கும் அவர் பயின்றது சிவில் பொறியியல்.

இவ்வழிக்கு நெருங்கிய உறவு போருக்குப் பிந்தைய பாரீஸில் உண்டு. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது நகருக்கு வெளியே ஒதுங்கியிருந்த ழான் ஃபோத்ரியே, அருகிருந்த காட்டில் கைதிகள் சுடப்படும் ஓசையைக் கேட்டவர். 1945-இல் அவர் காட்சிக்கு வைத்த 'பிணையாளிகள்' வரிசையில் முகங்கள் முகங்களாக இல்லை. தடித்த பூச்சில் வடுக்களாகவே எஞ்சின. 1952-இல் மிஷேல் தாப்பியே இத்தகைய ஓவியங்களை 'வேறொரு கலை' என்றழைத்தார். ஒழுங்கின்மீது நம்பிக்கை இழந்தவர்களுக்குக் கைத்தடமே மெய்யாயிற்று.

அப்பா இறுதியாக நெய்த சேலையில் கோர்வை பிசகிவிட்டது. கை நடுக்கம். முதலாளி கூலியைப் பிடித்துக்கொண்டு சேலையைத் திருப்பிக் கொடுத்தார். வெட்கத்தோடு அதைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தோம்.

கண்காட்சியிலிருந்து திரும்பிய இரவு அதை விரித்தோம். கரையும் உடலும் சேருமிடம் நெடுக ஏறியிறங்கிச் சென்றது. பிசகைக் கலையென்று சொல்லத் துணியோம். அப்பா இருந்திருந்தால் ஒப்பியிருக்கவும் மாட்டார். ஆயினும், பிழையின்றி அவர் நெய்த சேலைகள் எவரெவர் வீட்டிலோ இருக்கின்றன. அவற்றைப் பார்த்து அவர் கையென்று நாங்களே சொல்ல இயலாது. இதைச் சொல்லலாம்.

மடித்து, பெட்டியின் மேலடுக்கில் வைத்தோம்.