ரோஸ் மெழுகுவர்த்தியை என் கையில் கொடுத்த அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

பெயர் போட்டு எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது. 'மறைக்கல்வி அக்கா' என்றாலே எங்கள் கரையில் என் வயதுக்காரர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும். நேரில் சொல்ல வாய் வராததால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். நம் ஆட்கள் கரையை விட்டுப் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்களுக்குக் கரையிலிருந்து வயர்லெஸ் எட்டாது. புயல் வருகிறதென்ற செய்தி நமக்கு வந்தது, அவர்களுக்குப் போகவில்லை. உங்கள் தம்பி ஒரு படகில், என் அப்பா வேறொரு படகில்.

டிசம்பர் 3, கிறிஸ்மசுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. இந்தக் காலத்து ஞாயிறு பூசையில் வானவர் கீதம் பாடுவதில்லை. பாடச் சொல்லியிருந்தாலும் அன்று யாருக்குக் குரல் வந்திருக்கும்? நீங்கள் பழைய வலைக்கயிற்றை வளையமாகச் சுற்றி, சவுக்குக் கொப்பு செருகி, ஞாயிறுக்கு ஒன்றாய் ஏற்ற மூன்று ஊதா மெழுகுவர்த்தியும் ஒரு ரோஸ் மெழுகுவர்த்தியும் நட்டிருந்தீர்கள். முதல் ஊதாவை ஏற்றுவதற்குள் கடல்காற்றில் மூன்று தீக்குச்சி அணைந்தது. நான்காவதைப் பொத்திப் பிடித்த உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பூசையில் எசாயா வாசகம். ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாய்க் கிடக்கும், பாம்புப் புற்றருகே பச்சைப்பிள்ளை விளையாடும் என்கிற பகுதி. சாயங்காலம் கோயில் திண்ணையில் எங்களை உட்காரவைத்து, அசீரியப் படைக்கு ஊரே நடுங்கிக்கொண்டிருந்த காலத்து மனுசன் எசாயா என்று சொன்னீர்கள். பிறகு, "கண்ணை மூடுங்க மக்களே. காயம் ஆறின நம்ம கடல் எப்படி இருக்கும்? நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றீர்கள்.

"கடலே இருக்காது!" என்று ஒருத்தி கத்தினாள். நீங்கள் அவளை அதட்டவில்லை. திருவெளிப்பாட்டில் யோவான் கண்ட புதிய உலகத்திலும் கடல் இல்லை என்றீர்கள். அவரைப் பத்மு தீவில் கொண்டுபோய்த் தள்ளியிருந்தார்கள், சுற்றியிருந்த தண்ணீர் அவருக்கு மதில் மாதிரி இருந்திருக்கும் என்றும் சொன்னீர்கள். "நமக்கு?" என்று கேட்டபோது, இருந்தவர்களிலேயே சின்னப் பையன் கண்ணைத் திறக்காமல் சொன்னான்: "கடல் வேணும் அக்கா. படகுல பேசுறது கரைக்குக் கேக்கணும்." இன்னொருவன், "புயல் வரட்டும். ஆனா நமக்குத் தெரியுறப்பவே அப்பாவுக்கும் தெரியணும்" என்றான்.

ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். 7ஆம் தேதி, காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி ஊர் ஊராகச் சனம் குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்தபோது, அந்த நோட்டு உங்கள் தோள்பையில் இருந்தது. செபம் பண்ணினால் போதாதா என்று கேட்ட ஒரு பாட்டியிடம் "இதுவும் அதுதான் பாட்டி" என்று சொல்லிவிட்டு நடந்தீர்கள். பின்னாளில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வரும் கருவியை அப்பா எனக்குக் காட்டியபோது, திண்ணையில் கேட்ட அந்த இரண்டு குரலும்தான் என் காதில் ஒலித்தன.

ஆனால் நான் நன்றி சொல்ல வந்தது டிசம்பர் 17க்கு.

அதற்குள் அப்பா இலட்சத்தீவில் கரையேறி வீடு வந்துவிட்டார். உங்கள் தம்பி வரவில்லை. அப்பா வந்த சந்தோசத்தை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் நான் ஒரு வாரமாக உங்கள் தெருவழியே போகவில்லை. மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சியின் ஞாயிறு. ரோஸ் மெழுகுவர்த்தி ஏற்றவேண்டிய நாள். அந்த வருடம் அதை விட்டுவிடுவீர்கள் என்றே எல்லோரும் நினைத்தோம். கடைசி வரிசையில் தலைகுனிந்து நின்ற என்னைக் கூப்பிட்டு, தீப்பெட்டியைக் கையில் வைத்தீர்கள். "நீ ஏத்து மக்களே. உங்க அப்பா வந்தது எனக்கும் சந்தோசம்தான். எனக்கு அது வேணும்."

அதைச் சொல்லும்போது நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள். முகத்தைத் துடைக்கவில்லை. நான் ஏற்றினேன். காயம் ஆறிய உலகம் என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தது அன்றைக்குத்தான், அக்கா. உங்கள் துக்கத்துக்குப் பக்கத்தில் என் சந்தோசம் நிற்க இடம் இருந்தது.

இப்போது சென்னையில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக இருக்கிறேன். டியூட்டிக்குள் நுழையுமுன் இரண்டு நிமிடம் கண்ணை மூடுகிறேன். கட்டிலில் கிடக்கிறவர் செருப்பு மாட்டிக்கொண்டு வாசல் தாண்டிப் போவதைப் பார்க்கிறேன். எல்லோரும் அப்படிப் போவதில்லை. தெரிந்தேதான் பார்க்கிறேன். பார்த்துவிட்டுப் போனால் கட்டை அவிழ்க்கும்போது என் கைக்கு அவசரம் வருவதில்லை. சலித்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவரிடமும் நாளைக்கு எத்தனை அடி நடக்கலாம் என்று கேட்க முடிகிறது. இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அன்று திண்ணையில் நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நோட்டில் என் பெயருக்கு நேரே இடம் காலியாக விட்டிருந்தீர்கள். இந்த வருடம் மூன்றாம் ஞாயிறுக்கு லீவு கிடைத்திருக்கிறது. ரோஸ் மெழுகுவர்த்தி நம் பக்கம் எளிதில் கிடைக்காது என்பீர்களே, இங்கே ஒன்று வாங்கிவிட்டேன், துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்திருக்கிறேன். நோட்டை எடுத்து வையுங்கள், அக்கா.

அன்புடன்,
உங்கள் கடைசி வரிசைப் பிள்ளை