வண்ணக் கோல்களும் எண்களின் உறவும்

எண்கணிதப் பாடவேளையிலே அஞ்சி ஒடுங்கும் மாணவன் சங்கீத வகுப்பிலே மகிழ்ந்து பாடுகின்றான். ஒரே உள்ளத்தில் இவ்வேறுபாடு ஏன்? பெல்ஜியத்தின் துயின் என்னும் ஊரில் ஆசிரியராக விளங்கிய ஜோர்ஜ் குயிசனேரின் சிந்தனையைத் தூண்டியது இவ்வினாவேயாகும். வயலின் வாசிப்பவரான அவர், சுரங்களின் இயைபைச் செவி உணர்வதுபோல எண்களின் இயைபைக் கண்ணும் கையும் உணருமாறு செய்ய விழைந்தார். அதன் விளைவே வண்ணக் கோல்கள். அவைபற்றிய அவரது நூல் 1952 இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவற்றை நேரிற் கண்ட கலெப் கட்டெக்னோ என்னும் கல்வியாளர் பிற நாடுகளிலும் அம்முறையைப் பரப்பினார்.

கோல்கள் 1 சென்ரிமீற்றர் முதல் 10 சென்ரிமீற்றர் வரை பத்து நீளங்களில் அமைந்தவை. அவற்றின் நிறங்கள் அலங்காரத்திற்காக இடப்பட்டவையல்ல. 2, 4, 8 ஆகியன சிவப்புச் சார்ந்த ஒரு குடும்பம். 3, 6, 9 பச்சையும் நீலமும் சேர்ந்த குடும்பம். 5, 10 மஞ்சளும் செம்மஞ்சளும். எல்லா எண்களையும் அளக்கவல்ல 1 வெள்ளை. பத்தினுள் வேறு மடங்கு இல்லாத 7 கறுப்பாகத் தனித்து நிற்கின்றது.

கறுப்புக் கோலின் அருகே ஒரே நிறக் கோல்களை அடுக்கி அதன் நீளத்தை எட்ட மாணவன் முயல்கின்றான். சிவப்பு மூன்று குறைகின்றன, நான்கு மிகுகின்றன. பச்சையும் பொருந்தவில்லை. வெள்ளைக் கோல்கள் ஏழு மட்டுமே பொருந்துகின்றன. முதன்மை எண் என்னும் சொல்லை அறியுமுன்னரே அதன் பொருளை அவன் அறிந்துவிடுகின்றான்.

ஆயினும் நிறம் முழு உண்மையையும் உரைப்பதில்லை. 6 இன் காரணிகளுள் 3 மட்டுமன்றி 2 உம் உண்டு. அக்கோலோ கரும்பச்சை நிறத்தது. சிவப்போடு அதற்குள்ள உறவை நிறம் மறைத்துவிடுகின்றது. மூன்று சிவப்புக் கோல்களை அருகே வைக்கும்போதே அவ்வுறவு வெளிப்படும். கண் தவறவிட்டதைக் கை திருத்துகின்றது.

91 முதன்மை எண்போலவே தோற்றமளிக்கும். செம்மஞ்சட் கோல்கள் ஒன்பதையும் வெள்ளைக் கோல் ஒன்றையும் நீளமாக வைத்து, அருகே கறுப்புக் கோல்களை அடுக்கினால் பதின்மூன்றாவது கோல் எல்லையைச் சரியாகத் தொடும். தனித்து நின்ற 7 இங்கே காரணியாகி நிற்கின்றது. விடையை எவரும் சொல்லித்தரவில்லை. தானே கண்டடைந்த மாணவனுக்கு எண்களிடம் இனி அச்சம் எதற்கு? கோல்களைப் பெட்டியில் இட்டு மூடிய பின்னரும் அத்துணிவு அவனிடம் எஞ்சுமாயின், நிறங்கள் தம் பணியைச் செவ்வனே ஆற்றின எனலாம்.