சிக்கனம் யாருக்காக?

வீட்டின் ஒரு மூலையிலே கணினியொன்றைப் பூட்டி, அதனைக்கொண்டு மறைநாணயம் அகழ்ந்து பொருளீட்டலாம் என்னும் ஆசை எம் இளைஞர் சிலரைப் பற்றியுள்ளது. அவர்களுட் கூர்மதி படைத்தோர், குறைந்த மின்சாரத்தில் நிறைந்த பலன் பெறும் வழியை நாடுகின்றனர். அம்முயற்சியை நாம் எள்ளி நகையாடப் போவதில்லை. ஆயினும், அச்சிக்கனத்தின் பயன் யாரைச் சென்றடைகிறது என்று ஆராய்தல் எம் கடமையாகும்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். 500 வாற்று இழுக்கும் இயந்திரம் இரவு பகலாய் முப்பது நாள் ஓடினால் 360 அலகு செலவாகும். திறன் மிக்க மின்வழங்கியைப் பொருத்தி, வரைகலை அட்டையின் மின்னழுத்தத்தைச் சற்றே தாழ்த்தி, வேண்டாத உறுப்புகளைக் கழற்றி, அதனை 350 வாற்றுக்கு இறக்கினால் 252 அலகே செலவாகும். மிச்சம் 108 அலகு. சிறு குடும்பமொன்று ஒரு மாதம் விளக்கேற்றி வாழ இது போதும்.

ஆனால் இம்மிச்சம் நிலைப்பதில்லை. 2009 இல் தொடங்கிய பிட்கொயின் முறையை எடுத்துக்கொள்வோம். அதிலே ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு தொகுதியே வெளிவரும். பந்தயத்தில் இயந்திரங்கள் பெருகப் பெருக, 2016 தொகுதிகளுக்கு ஒருமுறை புதிரின் கடினமும் உயர்ந்துவிடும். தொகுதிக்கான புதுநாணயப் பரிசோ 50 இலிருந்து படிப்படியாகக் குறைந்து, 2024 இல் 3.125 ஆயிற்று. எல்லோரும் திறமையான இயந்திரம் கொணர்ந்தாலும் மொத்த விளைச்சல் கூடாது. போட்டி மட்டுமே கூடும்.

இலட்சங்கோடி கணிப்புக்கு 2016 ஆம் ஆண்டின் சிறந்த இயந்திரம் ஏறத்தாழ 100 யூல் சக்தியை உண்டது. 2024 இல் அது 20 யூலுக்கும் கீழே இறங்கிற்று. அவ்வாறிருந்தும் மொத்த மின்செலவு பன்மடங்கு பெருகிற்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரின் மதிப்பீட்டின்படி அது ஆண்டுக்குப் பத்தாயிரங்கோடி அலகைத் தாண்டிவிட்டது. இலங்கை முழுவதும் ஓராண்டிற் பிறப்பிக்கும் மின்சாரத்தின் ஐந்து மடங்குக்கும் மேற்பட்டது அது. திறன் பெருகினால் நுகர்வு குறையாது, பெருகும் என்று பொருளியலறிஞர் ஜெவொன்ஸ் 1865 இல் நிலக்கரி குறித்து உரைத்தது இங்கும் மெய்யாயிற்று.

இவ்வெரிப்பு இன்றியமையாததா? வரைகலை அட்டை கொண்டு வீட்டிலே அகழ்ந்தோர் பெரிதும் நம்பியிருந்த எதீரியம், 2022 செப்டம்பரில் அகழ்தலையே கைவிட்டு, மின்செலவில் 99 வீதத்துக்கும் மேலாகக் குறைத்துக்கொண்டது; நாணயமோ அழிந்துவிடவில்லை. எஞ்சிய பந்தயத்தில் வெல்வோர், மலிந்த மின்சாரமும் பெருங்கொட்டகைகளும் உடைய முதலாளிகளே. மின்பஞ்சத்தால் வாடிய கொசோவோ, 2022 சனவரியில் அகழ்தலைத் தடை செய்தது. அவ்வாண்டிலேயே எம் நாட்டில் ஒரு நாளிற் பதின்மூன்று மணி நேரம் வரை மின் நின்றது. எம் பிள்ளைகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்திற் படித்தனர். ஒவ்வோர் அலகும் யாரோ ஒருவரின் விளக்கு என்பதை அன்று நாம் அறிந்தோம்.

சிறிதளவு மின்சாரத்தில் ஓடும் கணினியைப் பூட்டும் கைத்திறன் அரியது. அத்திறனுக்காகக் கிராமத்து வாசிகசாலைகளும் வசதியற்ற பாடசாலைகளும் காத்துக் கிடக்கின்றன. சூதாட்டக் களத்திலே அதனைக் கரைத்துவிடாது, மக்கள் நடுவே கொண்டு வருமாறு எம் இளைஞரை அழைக்கின்றோம்.