கூடத்துக்கு ஏற்ற திரை எது?

பிறந்த ஊரை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர் இல்லங்களில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஒரு தனி இடம் உண்டு. வாசற்படியைத் தாண்டினால் வேற்று மொழியே காதில் விழும் முதியோருக்கு, நாள் முழுதும் தமிழ் பேசும் உறவினர் அது. அந்த உறவினரிடம் இந்நாளில் வீட்டுப் பிள்ளைகள் மற்றொரு வேலையும் வாங்குகின்றனர். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டென்டோ என்னும் விளையாட்டுப் பெட்டிகளை அதனுடன் இணைத்து ஆடுகின்றனர். ஆதலின் புதிய பெட்டி வாங்கப் புகும்போது, ஓ.எல்.இ.டி. திரையா, எல்.சி.டி. திரையா என்னும் வினா எழுகின்றது. எங்கள் வீட்டில் எழுந்த அவ்வினாவை ஆராய்ந்தபோது யான் அறிந்தவற்றைச் சங்க அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

செம்பூரில் இரண்டு அறையும் ஒரு கூடமும் கொண்டது எங்கள் குடியிருப்பு. கூடத்துச் சன்னல் மேற்கு நோக்கியது. என் தாயாருக்கு வயது 78. கல்லூரியில் முதலாண்டு பயிலும் என் மகள், அண்டை வீட்டுச் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் பிளேஸ்டேஷன் 5 வாங்கினாள். அடுத்த சில மாதங்களில் எங்கள் பழைய தொலைக்காட்சி பழுதாயிற்று. ஓ.எல்.இ.டி. திரைதான் வேண்டும் என்றாள் மகள். விலையில் ஒரு பங்கைத் தானே தருவதாகவும் சொன்னாள். வாங்கக்கூடியது ஒரே பெட்டி. இரண்டாவதற்குக் கையில் பணமும் இல்லை, வீட்டில் இடமும் இல்லை.

முதலில் இவ்விரு திரைகளின் இயல்பைக் காண்போம். எல்.சி.டி. என்பது திரவப் படிகத் திரை. திரவப் படிகத்தின் விந்தைத் தன்மையை 1888-இல் முதலில் கண்டு சொன்னவர் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியல் அறிஞர் ஃபிரெட்ரிக் ரைனிட்சர். இத்திரையின் படிகங்கள் தாமாக ஒளிர்வதில்லை. பின்னால் விளக்குகள் எரிய, படிகங்கள் சன்னலின் சாய்பலகைகளைப் போலத் திறந்தும் மூடியும் ஒளியை அளந்து விடுகின்றன. எவ்வளவு இறுக மூடினும் சிறிது ஒளி கசியும். அதனாலேயே எல்.சி.டி. திரையில் கருமை முழுக் கருமையாக இராமல் சாம்பல் பூத்தாற்போலத் தோன்றும். இக்குறையை நீக்க வந்ததே மினி எல்.இ.டி. பின்விளக்குகளை நூற்றுக்கணக்கான, சில பெட்டிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகளாகப் பிரித்து, இருண்ட பகுதியில் மட்டும் விளக்கைத் தணிப்பது அதன் உத்தி. கருமை பெரிதும் கூடுகின்றது. எனினும் இருள்வானில் நிலவைக் காட்டினால், நிலவைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் பரவுவதைக் காணலாம்.

ஓ.எல்.இ.டி. திரையில் பின்விளக்கே இல்லை. கரிமப் பொருளால் ஆன ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒரு சிறு விளக்கு. அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வே இதற்கு வழி திறந்தது. 2007-இல் சோனி நிறுவனம் 11 அங்குலத் திரையுடன் முதல் ஓ.எல்.இ.டி. தொலைக்காட்சியை விற்பனைக்குக் கொணர்ந்தது, 2013-இல் எல்.ஜி. நிறுவனம் 55 அங்குலப் பெட்டியை விற்கத் தொடங்கியது. கருமை வேண்டிய இடத்தில் இத்திரையின் புள்ளி அணைந்தே போகின்றது. அணைந்த விளக்கைவிடக் கரியது வேறு ஏது?

விளையாடுவோர் இதனை விரும்புவதன் காரணத்தை என் மகள் ஒரு கடையில் எனக்குக் காட்டினாள். எல்டன் ரிங் என்னும் விளையாட்டில் நிலத்தடியே ஓர் ஆறு ஓடுகின்றது. அங்கே மேலே நோக்கினால் குகையின் கூரை விண்மீன் நிறைந்த இரவு வானம்போல் மின்னும். ஓ.எல்.இ.டி. திரையில் அது மெய்யான இரவாகவே இருந்தது. விளையாட்டில் நாட்டமில்லாத எனக்கும் சில நொடிகள் பேச்சு எழவில்லை.

இரண்டாவது சிறப்பு விரைவு. நொடிக்கு 60 தனிப்படங்கள் வரும் விளையாட்டில் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் காலம் 16.7 மில்லி நொடி. 120 படங்களாயின் 8.3 மில்லி நொடியே. ஓ.எல்.இ.டி. புள்ளி ஒரு மில்லி நொடிக்கும் குறைந்த காலத்தில் நிறம் மாறிவிடும். திரவப் படிகம் திரும்புவதற்குச் சில மில்லி நொடிகள் ஆகின்றன. விரைந்தோடும் உருவத்தின் பின்னே நிழல்போல் ஒரு தடம் தோன்றுவது அதனாலேதான். ஆயினும் நொடிக்கு 30 படங்களே தரும் விளையாட்டுகளில் இவ்விரைவே ஓ.எல்.இ.டி.க்குச் சிறு குறையாகின்றது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மழுக்கம் இன்மையால், காட்சி தத்தித் தத்திச் செல்வதுபோல் தெரியும்.

இங்கே பலர் ஒன்றோடொன்றைக் குழப்பிக்கொள்ளும் செய்தி ஒன்றுண்டு. கையிலுள்ள பொத்தானை அழுத்தியபின் திரையில் வீரன் வாளோங்குவதற்கு ஆகும் தாமதம், புள்ளி நிறம் மாறும் விரைவிலிருந்து வேறானது. பெட்டியின் உள்ளே படத்தை மெருகேற்றும் வேலைகளால் பெரும்பாலும் விளைவது அத்தாமதம். ‘கேம் மோடு’ என்னும் அமைப்பைப் போட்டால், அவ்வேலைகள் நீங்கி, நல்ல பெட்டிகளில் அது ஏறத்தாழ 10 மில்லி நொடி அளவுக்குக் குறைகின்றது. இதில் ஓ.எல்.இ.டி.யும் நல்ல எல்.சி.டி.யும் ஏறக்குறைய ஒன்றே. கவனிக்க வேண்டியவை வேறு. திரை உண்மையிலேயே 120 ஹெர்ட்ஸ் திரைதானா, அல்லது 60 ஹெர்ட்ஸ் திரையில் இடைப்படங்களைச் செருகி 120 என்று விளம்பரம் செய்கின்றனரா என்று கேட்டறிதல் வேண்டும். எச்.டி.எம்.ஐ. 2.1 இணைப்பு உண்டா, நான்கு துளைகளில் எத்தனைக்கு அவ்வசதி உண்டு என்பதையும் பார்த்தல் வேண்டும். பல பெட்டிகளில் இரண்டே உண்டு. படங்கள் வரும் வேகத்துக்கேற்பத் திரையும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வி.ஆர்.ஆர். வசதி பிளேஸ்டேஷன் 5-க்கு 2022 ஏப்ரலில் வந்தது. பெட்டியும் அதற்கு இசைந்ததாக இருத்தல் நலம்.

இனி வீட்டைப் பார்ப்போம். கடையில் விளக்கைத் தணித்த தனியறையில் நம்மை அமர்த்தித் திரையைக் காட்டுகின்றனர். எங்கள் கூடத்திலோ மாலை நான்கு மணி வெயில் நேரே திரைமேல் விழும். திரை முழுதும் பளிச்சென்று ஒளிரும் காட்சிகளில், பகலில் நடக்கும் கிரிக்கெட் ஆட்டம் போன்றவற்றில், ஓ.எல்.இ.டி. தன் ஒளியைத் தானே சற்றுக் குறைத்துக்கொள்ளும். மினி எல்.இ.டி. திரைகள் அத்தகைய காட்சியைப் பொதுவாக அதனினும் பிரகாசமாகக் காட்ட வல்லவை. வெயில் புகும் கூடத்தில் ஓ.எல்.இ.டி.யின் கருமையும் தன் பெருமையை முழுதும் காட்ட இயலாது.

எல்லாவற்றினும் பெரிய செய்தி, ‘பர்ன் இன்’ எனப்படும் திரைத் தழும்பு. கரிமப் புள்ளிகள் எரிய எரியத் தேய்கின்றன. ஒரே இடத்தில் ஒரே உருவம் நாள்தோறும் பல மணி நேரம் ஒளிர்ந்தால், அவ்விடத்துப் புள்ளிகள் முந்தித் தேய்ந்து, படம் மாறிய பின்னும் தழும்பாகத் தெரியும். கனடாவின் ஆர்டிங்ஸ் நிறுவனம் 2018-இல் ஆறு ஓ.எல்.இ.டி. பெட்டிகளை நாளொன்றுக்கு 20 மணி நேரம் ஓடவிட்டுச் சோதித்தது. செய்திச் சேனல் ஓடிய பெட்டிகளிலும், மதிப்பெண் பலகை மாறாதிருக்கும் கால்பந்து விளையாட்டு ஓடிய பெட்டியிலும் தழும்பு விழுந்தது. பலவகைக் காட்சிகளை மாறி மாறிப் பார்ப்போர் பெரும்பாலோருக்கு இச்சிக்கல் வராது என்பது அந்நிறுவனத்தின் கருத்து. அதன்பின் திரைகள் மேம்பட்டுள்ளன. ஆயினும் தேயும் இயல்பு நீங்கிவிடவில்லை.

இதனை யான் உரக்கப் படித்தபோது என் தாயாரும் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் எழுந்தது முதல் தமிழ்ச் செய்திச் சேனலைப் பார்ப்பவர் அவர். அதன் மூலையில் சின்னமும் அடியில் சிவப்புப் பட்டையும் ஒருபோதும் நகர்வதில்லை. சிறிது நேரம் பேசாதிருந்தவர், “நான் பார்க்காமல் இருந்தால் அது கெடாதுதானே? குழந்தை ஆசைப்பட்டதையே வாங்கு. எனக்கு ரேடியோ போதும்” என்றார். எவரும் மறுமொழி கூறவில்லை.

மறுநாள் முதல் என் மகள் ஒரு தாளில் ஏதோ குறித்து வந்தாள். ஒரு வாரம் கழித்து அதனை என்னிடம் தந்தாள். பாட்டி பார்ப்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம். தான் விளையாடுவது ஒன்றரை மணி நேரம். “பாட்டி பயந்து பயந்து ரிமோட்டைத் தொடுகிற மாதிரி ஒரு டி.வி. நமக்கு வேண்டாம் அப்பா” என்றாள். மற்றொன்றையும் அவளே கண்டு சொன்னாள். தேய்மானத்தைச் சமன்செய்யும் வேலையை ஓ.எல்.இ.டி. பெட்டி, அணைத்தபின் மின் இணைப்பு இருக்கும் நிலையிலேயே செய்துகொள்கின்றது. என் தாயாரோ இரவில் சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்துவிட்டே படுப்பவர். அது ஐம்பது ஆண்டுப் பழக்கம்.

55 அங்குல மினி எல்.இ.டி. பெட்டியை வாங்கினோம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கு 28 விழுக்காடாக இருந்த ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்தது ஓரளவு உதவிற்று. இழப்பே இல்லை என்று கூற மாட்டேன். குகைக் கூரையின் ஒளித்துளிகளைச் சுற்றி மெல்லிய புகைபோல் ஒளி படர்வதை என் மகள் காண்கின்றாள். கண்டும் அதுபற்றிப் பேசுவதில்லை. வேலைக்குச் சென்றபின் தன் அறைக்கென ஓ.எல்.இ.டி. வாங்குவாள், அன்று அதுவே சரியான தேர்வாகவும் இருக்கும்.

அன்பர்களே, இருட்டாக்கக்கூடிய அறையும், பலவகை விளையாட்டுகளும் திரைப்படங்களும் பார்க்கும் வழக்கமும் உடையோர் தயங்காது ஓ.எல்.இ.டி. வாங்கலாம். மாறாத பட்டைகளை விளையாட்டின் அமைப்பிலேயே மறைத்துவைக்க இயலுமாயின் மறைத்துவிடுங்கள். தழும்பு உத்தரவாதத்தில் அடங்குமா என்பதை வாங்குமுன் எழுத்தில் படித்துப் பாருங்கள். வெயில் புகும் கூடமும், நாள் முழுதும் செய்தி ஓடும் வழக்கமும் உடையோருக்கு நல்ல எல்.சி.டி. திரையே ஏற்றது. எதனை வாங்கினும், கடைக்குப் புறப்படுமுன் ஒரு வாரம் உங்கள் வீட்டில் யார், எதை, எவ்வளவு நேரம் பார்க்கின்றனர் என்று குறித்துப் பாருங்கள். திரையைக் காப்பதற்காக வீட்டில் ஒருவர் தம் தமிழைக் குறைத்துக்கொள்ள நேருமாயின், அத்திரை எவ்வளவு அழகியதாயினும் அந்த வீட்டுக்கு ஏற்றதன்று.