எட்ட நின்று கற்றுக்கொள்ளுங்கள்

கோடியக்கரைக்குப் போகிற பிள்ளைகளிடம் நான் விடாமல் சொல்வது இது: வெளிமானைக் கண்டால் வண்டியை நிறுத்துங்கள், இறங்கி ஓடாதீர்கள். படம் பிடிக்க நாம் நாலடி எடுத்து வைத்தால் அது மிரண்டு மேய்ச்சலை விட்டு ஓடிவிடும். ஒன்றின் மேல் ஆசை வந்தால் கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிற வயசு உங்களுக்கு. எட்ட நின்றே எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பதையும் இந்த வயசிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பிரவீண் கரந்த், அனன்யா ஜனா என்ற ஆய்வாளர்கள் வெளிமானின் பூர்வீகத்தைத் தேடினார்கள். 8 மாநிலங்களில் 12 இடங்களுக்குப் போனார்கள். மானைப் பிடித்து ரத்தம் எடுக்கவில்லை. தூரத்திலிருந்தே பின்தொடர்ந்து போய், அது போட்ட புழுக்கையைப் பொறுக்கி வந்தார்கள். குடல் வழியாக இறங்கும் புழுக்கையின் மேற்பரப்பில் குடற்சுவரின் உயிரணுக்கள் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றுக்குள் அந்த மானின் மரபணு இருக்கிறது. வெயிலிலும் மழையிலும் கிடந்தால் அது சிதைந்துபோகும். ஆகவே புதுப் புழுக்கையாகத் தேட வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடக் கூலி கொடுக்கிற தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புழுக்கையின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தெரியவந்த விஷயம் என்னை அசரவைத்தது. வெளிமான்கள் வடக்கு, தெற்கு, கிழக்கு என்று மூன்று கூட்டமாக இருக்கின்றன. முதலில் பிரிந்தவை வடக்கும் தெற்கும். கிழக்குக் கூட்டம் இருப்பது வடக்குக்குப் பக்கத்தில், கிளைத்ததோ நம் தெற்குக் கூட்டத்திலிருந்து! வரைபடத்தை மட்டும் பார்த்து, ‘கிழக்கே மான் குறைந்தால் பக்கத்து வடக்கிலிருந்து கொண்டுபோய் விடலாம்’ என்று ஒருவர் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்ல மனசோடுதான் கிளம்பியிருப்பார். உதவி செய்யப் போகிறவர் முதலில் விசாரிக்க வேண்டும், தம்பி.

இன்னொன்றும் கண்டார்கள். கிடா மான் தன் எல்லையைக் காத்து நிற்கும், ஆகவே அதிகம் நகராது என்று எண்ணியிருந்தார்கள். எதிர்பார்த்ததைவிடக் கிடாக்கள் அதிகமாக வெளியே போய்வருவதை மரபணு காட்டியது. பெண்மான்கள்தான் பெரும்பாலும் பிறந்த இடத்தை விட்டு அகல்வதில்லை. தாய்வழியாக மட்டுமே இறங்கும் மரபணு ஒன்று உண்டு. அது கூட்டத்துக்குக் கூட்டம் தனித்தனியாக இருந்ததை வைத்து இதைக் கணித்தார்கள்.

அப்படியானால் நம் கோடியக்கரை மான் எங்கே போகும்? ஒரு பக்கம் வங்கக்கடல், ஒரு பக்கம் பாக் நீரிணை, மிச்சத்தை உப்பளமும் சதுப்பும் ஊரும் அடைத்திருக்கின்றன. கிடை போடும் கீதாரி ஒரே கிடாவை வருஷக்கணக்கில் மந்தையில் வைத்திருக்க மாட்டார். ரத்தம் நெருங்கினால் குட்டி சவலையாகும் என்று அவருக்குத் தெரியும், வேறு மந்தையில் கொடுத்து மாற்றிக்கொள்வார். காட்டு மந்தைக்குக் கீதாரி இல்லை. வழி திறந்திருந்தால் அதுவே மாற்றிக்கொள்ளும், அடைபட்டால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் நெருங்கிச் சுருங்கும். எண்ணிக்கை நிறைய இருப்பதாகத் தெரியும்போது இந்தச் சுருக்கம் கண்ணில் படாது. மரபணுவைப் படித்தால்தான் பிடிபடும்.

ஒரே இடத்தில் ஒதுங்கியதன் ஆபத்தை 2018 நவம்பர் 16 அன்று பார்த்தோம். கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது தென்னையும் போனது, வீடும் போனது, கோடியக்கரை வெளிமான்களும் மாண்டன.

அதற்காக ஆய்வகமே எல்லாம் செய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வெளிமானுக்கு வெட்டவெளிப் புல்தரை வேண்டும். 1967-இல் சரணாலயமான கோடியக்கரையில் சீமைக்கருவேலம் புல்தரைக்குள் புகுந்துகொண்டே இருக்கிறது. அதை வெட்டி அகற்றுகிற கைக்கும் மரபணு படிக்கிற கண்ணுக்கும் சமமான மரியாதை கொடுங்கள்.

உங்களில் யாருக்காவது இதில் மனசு போனால் தூரதேசம் தேட வேண்டாம். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் படித்தவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். போய் விசாரியுங்கள். அதற்கு முன், கோடியக்கரையில் ஒரு காலைப்பொழுது முழுக்கச் சும்மா உட்கார்ந்து, எந்தக் கிடா எந்த எல்லையில் நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்.