யாரு வண்டி?

புல்லட் வைத்திருக்கிறவனைப் பார்த்தால் 'லிட்டருக்கு என்னா குடுக்குது?' என்றுதான் ஊர் உலகத்தில் கேட்பார்கள். என்னிடம் அந்தக் கேள்வி கடைசியில்தான் வரும், சில நேரம் வரவே வராது. முதல் கேள்வி 'யாரு வண்டி?' டீக்கடையில் கேட்டிருக்கிறார்கள், பெட்ரோல் போடுகிற இடத்தில் கேட்டிருக்கிறார்கள், ராத்திரி வாகனச் சோதனையில் டார்ச்சை மூஞ்சியில் அடித்துக் கேட்டிருக்கிறார்கள். என் வண்டிதான் என்றால் 'எந்த ஊரு?' ஊரைச் சொன்னால் 'அங்க எந்தத் தெரு?' மூன்றாவது பதில் வந்ததும் வண்டியை ஒரு தரமும் என்னை ஒரு தரமும் பார்ப்பார்கள். ஆர்.சி. புத்தகத்தில் என் பேரும் எங்கப்பா பேரும் இருக்கிறது. எங்கப்பாவை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட சாதி இந்து ஒருத்தர்கூடக் கிடையாது. 'ஏ', 'டேய்', அவ்வளவுதான்.

வண்டி 1978 மாடல். வார்ப்பிரும்பு எஞ்சின், 346 சி.சி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இப்போது வருகிற வண்டிகளுக்கு நேர் மாறாக. வேறு வண்டி ஓட்டிப் பழகினவன் இதில் ஏறினால் பிரேக் என்று நினைத்துக் கியரைத்தான் மிதிப்பான். இங்கிலாந்தில் பிறந்த வண்டி இது. ராணுவத்துக்கு வேணும் என்று வரவழைத்து, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டு சேர்ந்து, பிறகு திருவொற்றியூரிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். ராணுவத்திலிருந்து போலீசுக்கு, போலீசிலிருந்து பண்ணை வீட்டு வாசலுக்கு. நம் ஜனங்களின் காதில் அந்த டப்டப் சத்தம் இப்படித்தான் நுழைந்தது. வந்தால் போலீசு, இல்லையென்றால் வட்டிக்காரர். நான் முதல் நாள் ஓட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்தபோது எங்கம்மா வாசலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டதும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டது. மகன் என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் உட்காரவில்லை.

ரயில் வந்தால் சாதி கரைந்துபோகும் என்று 1853இல் மார்க்ஸ் எழுதினார். தோழர்கள் இதை மேடையில் சொல்வார்கள். ரயில் வந்தது. 1901இல் சிறுவன் அம்பேத்கர், அப்பாவைப் பார்க்கக் கூட்டுப் பிள்ளைகளோடு அதே ரயிலில் போய் மசூர் ஸ்டேஷனில் இறங்கினார். ஒரு மாட்டுவண்டிக்காரனும் ஏற்றமாட்டேன் என்றான். கடைசியில் ஒருத்தன் ரெட்டைக் கூலிக்கு ஒத்துக்கொண்டான், எப்படி? பிள்ளைகளே வண்டியை ஓட்டணும், அவன் பக்கத்தில் நடந்து வருவான். தீட்டு படக்கூடாதல்லவா. 1929இல், அவர் பாரிஸ்டராகி அரசாங்கக் கமிட்டி உறுப்பினராகப் போன சாலிஸ்காவ் ஊரில் குதிரைவண்டிக்காரர்கள் அவரை ஏற்ற மறுத்தார்கள். நம்ம ஆட்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவரிடம் கொடுத்தார்கள். பாலத்தில் வண்டி கவிழ்ந்து அம்பேத்கருக்குக் கால் எலும்பு முறிந்தது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' படித்தவர்களுக்கு இது தெரியும். சாதியை எதிர்த்துப் பேச இந்தச் சம்பவத்தைச் சொல்கிறோம், சரி. எனக்கு அதில் இன்னொன்றும் படுகிறது. வண்டி ஓட்டவும் அதைப் பார்த்துக்கொள்ளவும் நம்மில் ஆள் வேணும்.

பேகம்பூர் பக்கம் ஒரு பாயிடம்தான் கற்றுக்கொண்டேன். எம்.ஏ. தமிழ் படித்தவன் டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி நட்டு கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. ஆனால் சொல்லிக்கொடுத்ததில் குறை வைக்கவில்லை. டேப்பட் அட்ஜஸ்ட் பண்ணுவது எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதுதான். புஷ்ராடு விரலால் சுற்றினால் சுற்றணும், மேலே கீழே ஆட்டினால் ஆடக்கூடாது. இதற்கு அளவுத்தகடு கிடையாது, விரல்தான் அளவு. பாயின்ட் இடைவெளிக்கு மட்டும் தகடு. பிளேடைப் பிளந்து வைத்துப் பார்க்கிறவர்களும் உண்டு.

ஸ்டார்ட் செய்வது தனி வித்தை. முதலில் கிளட்சைப் பிடித்து ரெண்டு உதை, ஒட்டிக் கிடக்கும் தட்டுகள் விடுபட. பிறகு சாவியைப் போட்டு, அம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக அமுக்கணும். முள் நடுவுக்கு வந்து கால் கெட்டியாக நிற்கும் இடத்தில் டீகம்ப்ரஸரைப் பிடித்து இம்மியளவு தாண்டவிட்டு, கையை எடுத்து, பிறகுதான் உதை. இந்த வரிசை தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும். அவசரக்காரனுக்கு ஸ்டார்ட் ஆகாத வண்டி.

ஆனால் அவசரம்தான் எங்கள் வேலை. சுடுகாட்டுப் பாதையை மறித்துவிட்டார்கள், திருவிழாவில் அடித்துவிட்டார்கள் என்று போன் வரும். ஆத்தூர், நிலக்கோட்டை, நத்தம் என்று எந்தப் பக்கம் போனாலும் தார்ரோடு ஊருக்குள் நுழைந்து மந்தையைத் தாண்டித்தான் சேரிக்குப் போகிறது. திரும்பி வருவதும் அதே வழி. மந்தைக்கு நேராக பிளக் அடைத்து வண்டி நின்றால் என்ன ஆகும்? பஞ்சராகி நின்றவனுக்குத் தண்ணீர் கொடுக்கும் ஊர்தான், அவன் விசாரணைக்கு வந்தவன் என்று தெரியாத வரைக்கும். அதனால் பெட்டியில் ரெண்டு பிளக், ஒரு கண்டன்சர், செயின் லாக், எமரித்தாள் எப்போதும் கிடக்கும். கண்டன்சர் பொல்லாதது. ஆறியிருக்கும்போது நல்ல பிள்ளை, எஞ்சின் சூடேறினதும் செத்துப்போகும். கிளட்ச் வயரும் ஆக்ஸிலேட்டர் வயரும் ஒன்றுக்கு ரெண்டாகப் பக்கத்திலேயே ஓட்டிக் கட்டியிருக்கிறேன். அறுந்தால் இந்த முனையிலும் அந்த முனையிலும் மாட்டினால் போதும், அஞ்சு நிமிசம்.

அப்புறம் பாயின்டையே கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தேன். பழைய வண்டிப் பிரியர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கம்பெனியில் வந்த மாதிரியே இருக்கணுமாம். கோவையிலும் சென்னையிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடிக்கப் போகிற வண்டிக்கு அது சரி. என் வண்டி ராத்திரி பதினொன்றுக்குத் திரும்புகிற வண்டி. ஆறு வோல்ட் லைட்டையும் மாற்றி பன்னிரண்டு வோல்ட் ஆக்கினேன். முன்னால் மெழுகுவத்தி வெளிச்சம், எதிரில் கம்பு இருக்கா கயிறு கட்டியிருக்கா என்று தெரியாது. இப்போது தெரிகிறது. சைலன்சரை மட்டும் தொடவில்லை. ஊர்ப்பையன் சத்தமான சைலன்சர் மாட்டினால் கெத்து என்பார்கள். நாம் மாட்டினால் திமிர் என்பார்கள். அந்த பயத்தில் விட்டேன் என்று நினைக்க வேண்டாம், கம்பெனி சைலன்சரின் சத்தமே எனக்குப் பிடிக்கும்.

சீட்டைத் தைத்தது எங்க சித்தப்பா. கமலை இறைத்த காலத்தில் அதற்குத் தோல் வால் தைத்துக் கொடுத்தவர். பம்புசெட் மோட்டார் வந்தது, கமலை போச்சு, தைக்கிற வேலையும் போச்சு. பிறகு திண்டுக்கல் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கினார். அந்த வேலை பார்த்தவர்களின் கையைப் பார்த்திருப்பீர்கள், நகம் நகமாக இருக்காது. அந்தக் கையில் குத்தூசியைப் பிடித்து ரெண்டு நாள் உட்கார்ந்து தைத்தார். கடைக்காரன் ரெக்சின் போட்டு ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பான். 'மோட்டாரு வந்து எம் பொழப்பெக் கெடுத்துச்சு, இப்ப மோட்டாருக்கே தைக்கிறேன் பாத்தியாடா' என்றார். தைத்து முடித்துக் கையால் ஒரு தட்டுத் தட்டினார். ஏறி உட்காருங்க சித்தப்பா என்றதற்கு, 'அட போடா' என்றுவிட்டார்.

ஒரு ஊருக்கு ரெட்டைக் குவளை விசயமாகப் போனேன். ஊர் பேரைச் சொல்லவில்லை, நான் எழுதிவிட்டு வந்துவிடுவேன், அங்கே இருக்கிறவர்கள் இருக்கணும். ஊர் எல்லையில் நம் காலனிப் பெரியவர் ஒருத்தர் காத்திருந்தார். 'தம்பி, கோயில் தாண்டுற வரைக்கும் எறங்கித் தள்ளிட்டு வாங்க. அங்கிட்டு ஏறிக்கலாம்.' முந்நூறு அடி தூரம். நூற்று அறுபது கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி. அவரைக் கோழை என்று திட்டுகிற தோழர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. நாற்பது வருசமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர் அவர். நான் தள்ளவும் இல்லை, ஓட்டவும் இல்லை, அங்கேயே நிறுத்திவிட்டுக் காலனியில் ஆளை வரச்சொன்னேன். இளவட்டங்கள் வந்தார்கள், ரெண்டு பொம்பளைகளும் வந்தார்கள். 'ஓட்டுங்கண்ணே, என்னா ஆகுதுன்னு பாப்போம்' என்றது அதில் ஒரு அக்கா. முன்னால் ஒரு எக்ஸ்.எல்., பின்னால் ஒரு எக்ஸ்.எல். நடுவில் நான். கோயிலைத் தாண்டினோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் சொன்னார்கள். தோப்புக்கு வேலைக்குப் போன எட்டுப் பேரைத் திருப்பி அனுப்பினார்கள். 'புல்லட்காரங்கிட்டயே போயி வேலை கேளு.' பன்னிரண்டு நாள் கூலி இல்லை. அரிசி திரட்டிக் கொடுத்தோம், மனு கொடுத்தோம், தேங்காய் வெட்டுக்கு ஆள் கிடைக்காமல் அவர்களே கூப்பிட்டார்கள். குவளை இப்போது எல்லாருக்கும் பேப்பர் கப் ஆகிவிட்டது. அதை வெற்றி என்று சொல்வதா என்று எங்களுக்குள் இன்னும் சண்டை. ஆனால் அந்தப் பெரியவர் இப்போது சைக்கிளில் ஏறித்தான் போகிறாராம்.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டினான் என்பதற்காகவே தலித் கல்லூரி மாணவன் ஒருவனைக் கையில் வெட்டினார்கள் என்று புகார் பதிவானது. மூன்று பேரைக் கைது செய்தார்கள். செய்தி வந்த அன்று எங்கம்மா ராத்திரி சாவியை எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டது. நான் கேட்கவும் இல்லை, தேடவும் இல்லை. காலையில் டீ கொண்டுவந்து வைக்கும்போது சாவியையும் பக்கத்தில் வைத்தது. 'லைட்டு எரியுதா பாத்துக்க' என்றது.

அடுத்த மாதம் ஆர்.சி. புதுப்பிக்கணும். அதற்குள் செயின் பெட்டியில் கசியும் ஆயிலை நிறுத்தணும். கேஸ்கட் மாற்றியும் கசிகிறது, மூடி வளைந்திருக்கும் என்கிறார் பாய். சேஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கணும், துரு ஏறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் காலனிப் பையன் ஒருத்தன் வருகிறேன் என்றிருக்கிறான், டேப்பட் வைக்கக் கற்றுக்கொள்ள. மண்ணெண்ணெய்தான் கிடைக்கவில்லை, டீசலில் கழுவிக்கொள்ளலாம்.